புதிய புலம் சேர்க்க ஏன் இவ்வளவு தயக்கம்? மேகத் தரவுக் கிடங்கும் விற்பனைப் பகுப்பாய்வும்

கேள்வி: 2024 ஜூன் 3

எங்கள் நிறுவனத்தின் விற்பனைத் தரவு முழுவதும், பகுப்பாய்வுக்கான தரவை இணையவழியில் சேர்த்து வைக்கும் கூகுளின் மேகத் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் இருக்கிறது. விற்பனைக் குழு, வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் தன் சிஆர்எம் மென்பொருளில் அடிக்கடி புதிய புலங்களை, அதாவது தகவல் நிரப்பும் இடங்களை, உருவாக்கிக்கொள்கிறது. அவை அறிக்கைகளிலும் வர வேண்டும் என்கிறது. அதற்காகக் கிடங்கின் அட்டவணையில் நெடுவரிசை சேர்க்கும் ஆணை ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தரவுப் பொறியாளர்கள் ஒவ்வொரு புலத்துக்கும் வாரக்கணக்கில் கேள்வி கேட்கிறார்கள். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டா? கூடுதல் புலங்களை எல்லாம் பெயரும் மதிப்புமாக எதையும் எழுதிவைக்க உதவும் ஜேசன் வடிவில் ஒரே நெடுவரிசையில் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே எழாது அல்லவா?

பதில்: ஜூன் 3, இரவு

நெடுவரிசை சேர்ப்பதில் இன்று தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அதனால் பழகிய தயக்கம் இன்னும் சிலரிடம் இருக்கலாம். வரிசை வரிசையாகத் தரவைச் சேமிக்கும் தரவுத்தளங்களில், தொடக்க மதிப்புடன் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் அட்டவணை முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அத்தகைய தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் 2018இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் மாறாத தொடக்க மதிப்புகளுக்கு அந்தச் சுமையை நீக்கியது. மைஎஸ்கியூஎல்லும் அதே ஆண்டில் 8.0.12 பதிப்பில் உடனடிச் சேர்ப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் நெடுவரிசை சேர்ப்பதற்கு நள்ளிரவைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தவர்கள் இங்கே பலர் இருப்பார்கள்.

பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட் ஆகிய மூன்று மேகத் தரவுக் கிடங்குகளும் நெடுவரிசை நெடுவரிசையாகச் சேமிப்பவை. புதிய நெடுவரிசை வந்தால் பழைய கோப்புகளைத் தொட வேண்டியதில்லை; அட்டவணையைப் பற்றிய குறிப்பில் ஒரு பெயரும் ஒரு வகையும் கூடும், அவ்வளவே. பழைய வரிசைகளில் அந்த நெடுவரிசையைக் கேட்டால் வெற்று மதிப்பு கிடைக்கும். பிக்குவெரி ஏற்கெனவே உள்ள அட்டவணையில், வெற்றாக இருக்கக் கூடாத கட்டாயப் புலத்தைச் சேர்க்க அனுமதிப்பதே இல்லை. பழைய வரிசைகளுக்கு மதிப்பு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. எண்ணிக்கை வரம்பும் தாராளமானது: ரெட்ஷிஃப்டில் ஓர் அட்டவணைக்கு 1,600 நெடுவரிசைகள், பிக்குவெரியில் 10,000.

ஆக, உங்கள் பொறியாளர்கள் அஞ்சுவது ஆணையை அன்று என்றே நினைக்கிறேன். ஆணை முடிந்தபின் பழைய வரிசைகளில் நிற்கும் அந்த வெற்று மதிப்புக்கு என்ன பொருள் என்பதை யாரும் சொல்வதில்லை. அதுதான் உண்மையான சிக்கல். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் வந்தபோது ஒவ்வொரு விற்பனைத் தரவுக் கிடங்கிலும் ஒரு புதிய புலம் தேவைப்பட்டது. அரசின் பதிவுத் தளம் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் வழங்கும் 64 எழுத்துகள் கொண்ட குறிப்பெண்ணான ஐஆர்என்தான் அது. இந்தக் கட்டாயம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2020 அக்டோபர் 1 முதல் தொடங்கியது. பின்னர் அந்த வரம்பு 100 கோடி, 50 கோடி, 20 கோடி, 10 கோடி எனப் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் வந்து நின்றது.

நான் வேலை செய்த உதிரிபாக விநியோக நிறுவனம் நடுவில் ஒரு கட்டத்தில் இதற்குள் வந்தது. நெடுவரிசையைச் சேர்ப்பதற்கு நேரமே ஆகவில்லை. மாத இறுதியில் நிதிப் பிரிவு, 'ஐஆர்என் இல்லாத இன்வாய்ஸ்கள் எத்தனை?' என்று ஓர் அறிக்கை கேட்டது. வெற்று மதிப்புள்ள வரிசைகளை எண்ணினால் மலைக்க வைக்கும் எண்ணிக்கை வந்தது. அதைப் பார்த்த மேலாளர், இணக்கமே நடக்கவில்லை என்று பதறிவிட்டார்.

அந்த வெற்று மதிப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது அவை மூன்று வகையாக இருந்தன. முதல் வகை, கட்டாயம் எங்களுக்கு வருவதற்கு முன் போடப்பட்ட இன்வாய்ஸ்கள். அவற்றுக்கு ஐஆர்என் இருக்க வழியே இல்லை. இரண்டாம் வகை, ஜிஎஸ்டி பதிவு இல்லாத நுகர்வோருக்கு நேரடியாக விற்றவை. சட்டம் இவற்றுக்கு ஐஆர்என் கேட்பதில்லை. மூன்றாம் வகை, ஐஆர்என் வாங்கியிருக்க வேண்டியும் வாங்காமல் விடப்பட்டவை. நிதிப் பிரிவுக்கு வேண்டியது இந்த மூன்றாம் வகை மட்டுமே. அது மிகச் சிறிய எண்ணிக்கை. அட்டவணையைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே வெற்று மதிப்புதான்.

இதற்குத் தீர்வாக இன்வாய்ஸ் தேதியையும் வாங்குபவரின் பதிவு நிலையையும் வைத்து 'பொருந்தாது', 'அக்காலத்தில் இல்லை', 'விடுபட்டது' என்று நிலை கூறும் இன்னொரு நெடுவரிசையை மூலத் தரவை அறிக்கைக்கு ஏற்ப மாற்றி எழுதும் மாதிரி அடுக்கில் கணக்கிட்டுச் சேர்த்தோம். ஆனால் அதை எழுதுவதற்கு, எங்கள் நிறுவனத்துக்குக் கட்டாயம் எந்த நாளில் தொடங்கியது என்பது எங்கேயாவது பதிந்திருக்க வேண்டும். அது ஒரு கணக்காளரின் மின்னஞ்சலில் மட்டுமே இருந்தது.

என் வாதம் இதுதான்: ஒவ்வொரு கூடுதல் புலமும் ஒரு நாளில் பிறக்கிறது. அந்த நாளையும், வெற்று மதிப்பின் பொருளையும், அந்தப் பொருளைச் சொல்ல உரிமையுள்ள பொறுப்பாளரையும் பதியாமல் புலத்தைக் கிடங்கில் ஏற்றக் கூடாது. வாரக்கணக்கில் கேள்வி கேட்கும் பொறியாளர் இந்த மூன்றைத்தான் தேடுகிறார் என்றால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

'பழைய வரிசைகளில் தொடக்க மதிப்பாக “இல்லை” என்று நிரப்பிவிட்டால் போதுமே' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். போதாது. கேட்கப்படாத கேள்விக்கு 'இல்லை' என்று பதில் எழுதுவது தரவைக் கெடுப்பதாகும். வாடிக்கையாளரிடம் 'குளிர்பதனக் கிடங்கு உண்டா?' என்று இந்த ஆண்டுதான் கேட்கத் தொடங்கினீர்கள் என்றால், சென்ற ஆண்டு வாடிக்கையாளர் அனைவருக்கும் 'இல்லை' என்று நிரப்பிய மறுநாள், குளிர்பதன வசதி உள்ளவர்கள் ஒரே ஆண்டில் பன்மடங்கு பெருகிவிட்டதாக வரைபடம் காட்டும்.

இங்கே கருவிகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஸ்னோஃப்ளேக்கில் தொடக்க மதிப்புடன் நெடுவரிசை சேர்த்தால் பழைய வரிசைகளும் அந்த மதிப்பையே காட்டும். பிக்குவெரியில் முதலில் நெடுவரிசையைச் சேர்த்து, பிறகு தனி ஆணையில் தொடக்க மதிப்பை அமைக்க வேண்டும். அது இனி வரும் வரிசைகளுக்கு மட்டுமே பொருந்தும், பழையவை வெற்றாகவே நிற்கும். ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குழுக்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 6

ஜேசன் பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிட்டேன் என்று கேள்வி கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார், நியாயம்தான்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போடும் எண்ணம் மிகப் பழையது. ஒரு பொருளின் அடையாளம், பண்பின் பெயர், அதன் மதிப்பு என்று மூன்றே நெடுவரிசைகளில் உலகம் முழுவதையும் அடக்கும் அட்டவணை முறையை மஜெந்தோ என்ற இணையக்கடை மென்பொருளைப் பயன்படுத்திய எவரும் அறிவர். ஒரு பொருளின் ஐந்து பண்புகளை ஒரே வரிசையில் பார்க்க அட்டவணைகளை ஐந்து முறை இணைத்து எழுத வேண்டும். சிஆர்எம் மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ் தன் உள்கட்டமைப்பைப் பற்றி 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், எல்லா நிறுவனங்களின் தரவையும் ஒரே பெரிய அட்டவணையில் மதிப்பு 0 முதல் மதிப்பு 500 வரை என்று பெயரிட்ட 501 நெகிழ் நெடுவரிசைகளில் எழுத்துச் சரங்களாக வைத்திருப்பதை விளக்கியிருந்தது. எந்த நெடுவரிசையில் யாருக்கு என்ன பொருள் என்பது தனியாக ஒரு குறிப்பு அட்டவணையில் இருந்தது. அந்தக் குறிப்பு அட்டவணை இருந்ததால்தான் அந்த வடிவமைப்பு நின்றது. ஜேசனில் போடுங்கள் என்று சொல்பவர்கள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

இப்படி எந்த வடிவத் தரவையும் ஏற்கும் ஸ்னோஃப்ளேக்கின் வேரியன்ட் வகையும், ரெட்ஷிஃப்டின் சூப்பர் வகையும், பிக்குவெரியில் 2022இல் வந்த ஜேசன் வகையும் உண்மையிலேயே நல்ல கருவிகள். மூல அமைப்பிலிருந்து வருவதை வந்தபடியே இறக்கிவைக்கும் முதல் அடுக்கில் நான் அவற்றையே பயன்படுத்துகிறேன். மூலத்தில் புதிய புலம் முளைத்தால் இறக்குமதி உடைவதில்லை. ஆனால் அறிக்கை எழுதுபவர்களிடம் அந்த நெடுவரிசையை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஒரு மாதம் எண்ணாக வந்த மதிப்பு அடுத்த மாதம் எழுத்துச் சரமாக வரும். பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதிய ஒரே திறவுச்சொல் இரண்டு புலங்களாகும். எழுத்துப் பிழையுடன் கேட்டால் பிழைச்செய்தி வராது, வெற்று மதிப்புதான் வரும். நெடுவரிசையின் பெயரைத் தவறாக எழுதினால் கிடங்கு உடனே நிறுத்திவிடும். அந்தக் காவலை ஜேசனில் இழந்துவிடுகிறீர்கள்.

செலவும் உண்டு. பிக்குவெரியில் தேவைக்கேற்பக் கட்டணம் செலுத்தும் முறையில், தரவைக் கேட்கும் வினவல் தொடும் நெடுவரிசைகளின் அளவுக்கே பணம். ஜேசனை வெறும் எழுத்துச் சரமாகச் சேமித்திருந்தால், அதற்குள் இருக்கும் ஒரு சிறு புலத்தைப் படிப்பதற்கும் சரம் முழுவதற்கும் கட்டணம் உண்டு.

என் நடைமுறை இது: முதல் அடுக்கில் பை, ஒரு புலத்தை இரண்டாவது அறிக்கை கேட்கும்போது அதற்குப் பெயரும் வகையும் பொறுப்பாளரும் கொடுத்துத் தனி நெடுவரிசையாக உயர்த்துவது. முதல் அறிக்கைக்கே உயர்த்தினால் ஒரு வாரத்து ஆர்வத்தில் கேட்கப்பட்டவையெல்லாம் நிரந்தரமாகிவிடும்.

ஜூன் 7

நெடுவரிசை வந்துவிட்டது, ஆனால் எல்லா வரிசையிலும் வெற்றாகவே இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் அனுமதியைப் பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற அமைப்புகளில் ஒவ்வொரு புலத்துக்கும் தனி அனுமதி உண்டு. தரவை எடுக்கும் இணைப்புக் கணக்குக்குப் புதிய புலத்தின் மீது படிக்கும் உரிமை தரப்படவில்லை என்றால், தரவை எடுத்துத் தரும் இடைமுகத்தைப் (ஏபிஐ) பொறுத்தவரை அந்தப் புலம் இல்லவே இல்லை, பல இணைப்புக் கருவிகளில் பிழைச்செய்தியும் வராது. விற்பனையாளரின் திரையில் மதிப்பு கண்ணெதிரே தெரியும், கிடங்கில் மட்டும் இருக்காது. இரு தரப்பும் தாங்கள் சொல்வதே சரி என்று வாதிடுவார்கள்; இருவரும் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது வாய்பாட்டுப் புலம். 'கடைசியாக மாற்றிய நேரம்' என்ற முத்திரையைப் பார்த்து, மாறிய வரிசைகளை மட்டும் எடுக்கும் முறையில்தான் பெரும்பாலான இணைப்புக் கருவிகள் இயங்குகின்றன. வாய்பாட்டுப் புலத்தின் மதிப்பு படிக்கும் நேரத்தில் கணக்கிடப்படுவது. வாய்பாட்டை மாற்றினாலும், அது சார்ந்திருக்கும் இன்னொரு பதிவு மாறினாலும், இந்தப் பதிவின் நேர முத்திரை அசையாது. ஆகவே கிடங்கில் சில வரிசைகள் பழைய வாய்பாட்டின் விடையையும் சில வரிசைகள் புதிய வாய்பாட்டின் விடையையும் வைத்துக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மொத்தத் தொகை சற்றே பொருந்தாமல் இருக்கும், ஏனென்று யாருக்கும் தெரியாது. வாய்பாட்டுப் புலங்களை எடுத்துவராமல், அவற்றின் மூலப் புலங்களை எடுத்துவந்து கணக்கைக் கிடங்கிலேயே எழுதுவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்போது வாய்பாடு மாறிய வரலாறும் உங்கள் நிரல் களஞ்சியத்தில் இருக்கும்.

ஜூன் 10

வகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இங்கேதான்.

சரக்கு வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடு என்ற புலத்தைச் சேர்க்கும்போது பலர் அதை எண் வகையாக வைத்துவிடுகிறார்கள். கோப்பைப் பார்த்து வகையைத் தானாக ஊகிக்கும் கருவிகளும் அப்படியே செய்கின்றன. காபிக்கு 0901, தேயிலைக்கு 0902, மிளகுக்கு 0904. எண்ணாக மாறிய கணமே முன்னால் இருக்கும் சுழியம் போய்விடும். மசாலா, தேயிலை, பால், மீன் வணிகம் செய்பவர்களின் குறியீடுகள் பெரும்பாலும் குறியீட்டுப் பட்டியலின் முதல் ஒன்பது அத்தியாயங்களில் வருவதால் அடி முழுவதும் அவர்களுக்கே விழுகிறது.

ஒரு நல்ல செய்தி உண்டு. எச்எஸ்என் குறியீடுகள் 4, 6 அல்லது 8 இலக்கங்களில் எழுதப்படுபவை. ஆகவே 3, 5 அல்லது 7 இலக்கத்தில் ஒரு குறியீடு கண்ணில் பட்டால் முன்னால் ஒரு சுழியம் தொலைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதைத் திரும்பச் சேர்ப்பதில் ஐயம் இல்லை. ஒற்றைப்படை நீளம் வந்தால் நிறுத்திக் கேட்கும் ஒரு சோதனையை எழுதிவைத்துவிட்டால் மறுமுறை இது நடக்காது. பொது விதியாகச் சொன்னால், கூட்டவோ சராசரி எடுக்கவோ போவதில்லை என்றால் அது எண் இல்லை. அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், கணக்கு எண் எல்லாம் எழுத்துச் சரங்களே.

ஜூன் 10, மாலை

இலக்கங்களைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 2021 ஏப்ரல் 1 முதல், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் இன்வாய்ஸில் 6 இலக்கக் குறியீட்டை எழுத வேண்டும். அதற்கு முன் 4 இலக்கம் எழுதிவந்தவர்களின் தரவில், ஒரே பொருள் அந்த நாளுக்கு முன் ஒரு குறியீட்டிலும் பின் வேறொரு குறியீட்டிலும் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும் என்றால் முதல் 4 இலக்கங்களைத் தனியே பிரித்தெடுத்து அதில் தொகுக்க வேண்டும். புலத்தின் பெயரும் வகையும் மாறவில்லை. உள்ளே இருக்கும் நுணுக்கம் மட்டும் ஒரு நாளில் மாறியது. ஆகவே ஜூன் 4 குறிப்பில் பிறந்த நாளைப் பதியுங்கள் என்று சொன்னதை, பிறந்த நாளையும் பொருள் மாறிய ஒவ்வொரு நாளையும் பதியுங்கள் என்று விரித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 13

சேர்க்கவே தேவையில்லாத புலங்களும் உண்டு. விற்பனைக் குழு கேட்பவற்றில் கணிசமானவை ஏற்கெனவே இருக்கும் தரவிலிருந்து பெறக்கூடியவை.

வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். ஆகவே 'வாடிக்கையாளர் மாநிலம்' என்று ஒரு புலமும், 'குழும நிறுவனம்' என்று ஒரு புலமும் கேட்டு வந்தவர்களுக்கு இரண்டையும் அந்த ஓர் எண்ணிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். ஒரே பான் எண்ணுடன் பல மாநிலங்களில் பதிவு செய்திருக்கும் நிறுவனத்தின் மொத்த வாங்கலை முதன்முறையாகச் சேர்த்துப் பார்த்தபோது, எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் யார் என்ற வரிசையே மாறிப்போனது. விற்பனையாளர்கள் கையால் நிரப்பிய 'குழுமம்' என்ற புலத்தில் ஒரே நிறுவனத்தின் பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் கிடந்ததே அதுவரை அது தெரியாமல் போனதற்குக் காரணம்.

நிதியாண்டும் அப்படித்தான். 'நிதியாண்டு' என்று ஒரு புலத்தைச் சேர்த்து 24-25 என்றும் 2024-25 என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுவதை விட, ஏப்ரலில் தொடங்கும் நாட்காட்டி அட்டவணை ஒன்றை வைத்து இணைப்பதே மேல்.

ஜூன் 14

வரித்துறை அனுபவம் உள்ள நண்பர் நேற்றைய குறிப்புக்கு ஒரு வரம்பு சொல்லியிருக்கிறார், ஏற்கிறேன். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பதிவு செய்த மாநிலத்தைத்தான் சொல்லும், பொருள் இறங்கிய மாநிலத்தைச் சொல்லாது. சென்னையில் பதிவு செய்தவர் ஓசூருக்கு அப்பால் பெங்களூரில் உள்ள ஒருவருக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் இரண்டும் வேறு வேறு. வரிக் கணக்குக்கு ஒன்று தேவை, கிடங்கு எங்கே கட்டலாம் என்று முடிவெடுப்பதற்கு இன்னொன்று தேவை. எனவே 'மாநிலம்' என்று ஒரு பெயர் வைக்காமல் 'பதிவு மாநிலம்', 'சேருமிட மாநிலம்' என்று இரண்டு பெயர்கள் வைப்பதே பொருந்தும். பதிவில்லாத நுகர்வோருக்கு இந்த வழி உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்க. ஆந்திரத்துக்கு 28 என்ற பழைய குறியீடும் 37 என்ற புதிய குறியீடும் உண்டு. மாநிலப் பட்டியல் அட்டவணையில் இரண்டையும் வைத்திருங்கள்.

ஜூன் 18

'வாடிக்கையாளர் தரம்' போன்ற, மாறிக்கொண்டே இருக்கும் புலத்தைச் சேர்ப்பது பற்றிய கேள்வி வந்திருக்கிறது. இது எல்லாவற்றிலும் கடினமானது, எனக்கு மிகவும் முக்கியமானதும் கூட.

மூல அமைப்பு பெரும்பாலும் இன்றைய மதிப்பை மட்டுமே வைத்திருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் வரலாறு பதியும் வசதியை ஒரு பொருள்வகைக்கு வழக்கமாக 20 புலங்களுக்கு மட்டுமே இயக்கலாம். கிடங்கும் பழைய மதிப்பின் மேல் புதியதை எழுதிவிட்டால், இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்ந்த வாடிக்கையாளரின் சென்ற ஆண்டு விற்பனையும் முதல் தரத்தின் கணக்கில் போய்ச் சேரும். சென்ற ஆண்டு மார்ச்சில் அச்சிட்ட அறிக்கையை இன்று ஓட்டினால் வேறு எண் வரும். இயக்குநர் குழுவில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒருவர் கேள்வி கேட்டால், அதன்பின் தரவுக் குழுவின் எந்த எண்ணையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதற்குப் பட்ட பாட்டை நான் ஓர் இடத்தில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்; எண்களைத் திருத்துவதை விட அது நெடுநாள் எடுத்தது.

தரவுக் கிடங்கு வடிவமைப்பு பற்றி நூல்கள் எழுதிய ரால்ஃப் கிம்பால் பரவலாக்கிய முறையில் இதற்கு இரண்டாம் வகை என்று பெயர்: மதிப்பு மாறும்போது பழைய வரிசையை மூடி, செல்லுபடியாகும் தேதிகளுடன் புதிய வரிசை திறப்பது. கூடுதல் புலம் வரும்போது இந்த முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. எல்லா நெடுவரிசைகளையும் ஒப்பிட்டு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும்படி அமைத்திருந்தால், புதிய நெடுவரிசை வந்த நாளில் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரு புதிய பதிப்பு உருவாகிவிடும். அன்று எல்லாருக்கும் ஏதோ நடந்ததுபோல் வரலாறு காட்டும். உண்மையில் நடந்தது நமக்குத்தான்.

இதனாலேயே அடிக்கடி மாறும் கூடுதல் புலங்களை முதன்மை வாடிக்கையாளர் அட்டவணையில் சேர்க்காமல், வாடிக்கையாளர் எண்ணையும் தேதிகளையும் மட்டும் பொதுவாகக் கொண்ட தனிப் பக்க அட்டவணையில் வைக்கிறேன். டேட்டா வால்ட் என்ற கிடங்கு வடிவமைப்பு முறையைப் பின்பற்றுபவர்கள் இதையே சாட்டிலைட் என்பார்கள். முதன்மை அட்டவணை அமைதியாக இருக்கும். புலத்தைக் கைவிடும் நாளில் பக்க அட்டவணையோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

ஜூன் 19

சுருக்கமாக இரண்டு எச்சரிக்கைகள். ஸ்னோஃப்ளேக்கில் எல்லா நெடுவரிசைகளையும் நட்சத்திரக் குறியால் எடுக்கும் காட்சியை, அதாவது சேமித்துவைத்த வினவலை, உருவாக்கியிருந்தால், கீழே உள்ள அட்டவணையில் நெடுவரிசை சேர்த்ததும் அந்தக் காட்சி பிழையுடன் நின்றுவிடும். அதன் நெடுவரிசைப் பட்டியல் உருவாக்கிய நாளில் உறைந்தது. தரவு மாற்றங்களை நிரலாக எழுத உதவும் டிபிடி கருவியில், புதிய வரிசைகளை மட்டும் சேர்த்துப் படிப்படியாக வளரும் மாதிரிகளோ இதற்கு நேர்மாறு: நீங்கள் வேறு சொல்லாதவரை புதிய நெடுவரிசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சேர்த்துக்கொள்ளும்படி அமைத்தாலும் பழைய வரிசைகளை அது திரும்ப நிரப்பாது; முழுவதும் மீண்டும் ஓட்டினால்தான் நிரம்பும்.

ஜூன் 24

இதுவரை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். அட்டவணையைப் படிக்கும் உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் புதிய நெடுவரிசையைப் படிக்கும் உரிமையும் தானாகவே கிடைத்துவிடுகிறது. விற்பனையாளர் சிஆர்எம்மில் உருவாக்கும் 'குறிப்புகள்' என்ற கட்டற்ற எழுத்துப் புலத்தில் என்னென்ன இருக்கும் என்று திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: உரிமையாளரின் கைப்பேசி எண், ஆதார் எண், வீட்டில் நடந்த இழப்பு, நோய் விவரம். நல்ல எண்ணத்தில், வாடிக்கையாளரிடம் அன்பாகப் பேச வேண்டும் என்பதற்காக எழுதிவைத்தவை. அவை பகுப்பாய்வுக் கிடங்குக்கு வந்து, பயிற்சிக்கு வந்த மாணவர் முதல் வெளி ஆலோசகர் வரை எல்லாருக்கும் தெரிவதை அந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டாரா? இந்தியாவின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. எந்த நோக்கத்துக்காகத் தரவைப் பெற்றோமோ அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை சார்ந்த விஷயம் என்றே கருதுகிறேன்.

பிக்குவெரியில், யார் படிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் கொள்கைக் குறிச்சொல்லை நெடுவரிசைக்கு இடலாம். ஸ்னோஃப்ளேக்கில் மறைப்புக் கொள்கையைக் குறிச்சொல்லுடன் இணைக்கலாம். என் பரிந்துரை, கட்டற்ற எழுத்துப் புலங்களை இயல்பாகவே விலக்கிவைத்து, காரணம் எழுதிக் கேட்டால் மட்டும் திறப்பது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் புலமாக அதை மாற்ற முடியுமா என்று விற்பனைக் குழுவிடம் கேட்பது இன்னும் நல்லது. பகுப்பாய்வுக்கும் அதுவே உதவும்.

ஜூலை 2

கடைசியாக வந்த கேள்வி, யாரும் பயன்படுத்தாத புலத்தை என்ன செய்வது என்பது. கிடங்குகள் வினவல் வரலாற்றைத் தருகின்றன. ஒரு நெடுவரிசையை யாரும் தொடவில்லை என்பதை அதிலிருந்து கண்டறியலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கையின்போது மட்டும் பயன்படும் புலங்கள் உண்டு. எனவே பொறுப்பாளரிடம் கேட்காமல் நீக்கக் கூடாது. ஒரு முழு நிதியாண்டாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். தவறி நீக்கிவிட்டால் பிக்குவெரியில் பழைய நிலையை எட்டிப்பார்க்கும் வசதி இயல்பாக 7 நாட்கள்வரை. ஸ்னோஃப்ளேக்கில் அது இயல்பாக 1 நாள். உயர்பதிப்புகளில் 90 நாட்கள்வரை நீட்டலாம்.

நீக்கிய புலத்தின் பெயரை வேறு பொருளுக்கு மீண்டும் பயன்படுத்த வேண்டாம். நெடுவரிசையைப் பெயரால் அடையாளம் காணும் கோப்பு அமைப்புகளில், அதே பெயரில் புதிய புலம் சேர்த்ததும் பழைய கோப்புகளில் கிடக்கும் பழைய மதிப்புகள் உயிர்பெற்று வந்துவிடும். அப்பாச்சி ஐஸ்பெர்க் என்ற அட்டவணை வடிவம் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மாறாத அடையாள எண் கொடுப்பது இதைத் தடுப்பதற்காகத்தான். கிடங்கு அதைத் தடுத்தாலும், பழைய அறிக்கையைக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் மனிதரை அது தடுக்காது. 'தரம்' என்ற புலத்தை நீக்கியிருந்தால், அடுத்து வருவதற்குக் 'கடன் தரம்' என்றோ 'சேவைத் தரம்' என்றோ, எதை அளக்கிறது என்பது தெரியும்படி பெயரிடுங்கள். பழைய பெயரைப் பதிவேட்டில், நீக்கிய தேதியுடனும் நீக்கச் சொன்னவரின் பதவியுடனும், அப்படியே விட்டுவையுங்கள்.